தோட்டத்துக் கேள்வி–பதில்: பனிக்கு நடுவே ஒரு பப்பாளி

போன மாதம் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: "கனடாவில் மகள் வீட்டுக் கொல்லையில் பசுமைக்குடில் போட்டு, பப்பாளி வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டேன்" என்று. மல்லிகை மொட்டுப்புழு பற்றி மூன்று பக்கம் எழுதியபோது இரண்டே கடிதங்கள் வந்தன. இந்த ஒரு வரிக்கு ஒரு கட்டு வந்திருக்கிறது. மதுரையில் தெருவுக்கு நாலு வீட்டுப் பிள்ளைகள் குளிர் ஊர்களில் இருக்கிறார்கள் போல. சரி, இந்த மாதம் முழுக்க அதுதான். மல்லிகைக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகன் டொராண்டோ பக்கத்தில் வீடு வாங்கியிருக்கிறான். பின்பக்கம் 10க்கு 12 அடியில் பசுமைக்குடில் போட்டு வாழை, பப்பாளி, கொய்யா எல்லாம் வைக்கப் போகிறானாம். நடக்கிற காரியமா? செலவு எவ்வளவு பிடிக்கும்?
– ஒரு வாசகி, திருநகர்

நடக்கும் அம்மா. ஆனால் எல்லாம் நடக்காது.

எங்கள் வீடு சோழவந்தானில் கொடிக்கால்காரர் வீடு. அகத்தியை நெருக்கி நட்டு, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றி, வாய்க்கால் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தாலும் உடம்பு சில்லென்று ஆகிவிடும். செடிக்கு வீடு கட்டிக் குடிவைப்பது நமக்குப் பழகிய வேலைதானே என்கிற திமிரில்தான் நானும் விமானம் ஏறினேன். கொடிக்காலில் அகத்தி நிழலுக்குக் காசு கிடையாது. அங்கே சூட்டுக்கு மாதாமாதம் பில் வருகிறது.

உங்கள் மகன் போடப்போகும் அளவுதான் நாங்களும் போட்டோம். சுவரும் கூரையும் சேர்த்துச் சுமார் 40 சதுர மீட்டர். இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகடு (நடுவே காற்று நிற்கும் கெட்டிப் பிளாஸ்டிக்), உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 3 வாட் சூட்டை வெளியே விடும். ஒற்றைக் கண்ணாடி கிட்டத்தட்ட 6 வாட் விடும், அதை நினைக்கவே வேண்டாம். வெளியே மைனஸ் 20, உள்ளே 15 வேண்டும் என்றால் வித்தியாசம் 35. நாற்பதை மூன்றாலும் முப்பத்தைந்தாலும் பெருக்கினால் 4,200 வாட். அந்தக் குளிர் ஒரு நாள் முழுக்க நின்றால் 100 யூனிட். 2016இல் நம்மூரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அங்கே அது ஒரு நாள் கணக்கு.

தினமும் மைனஸ் 20 வராது என்பது உண்மைதான். டொராண்டோவில் ஜனவரிச் சராசரி மைனஸ் 4, 5 இருக்கும். அதற்குக் கணக்குப் போட்டால் நாளைக்கு 55 யூனிட். பகலில் வெயில் அடித்தால் கொஞ்சம் குறையும், கதவிடுக்கில் காற்று புகுந்தால் கூடும். இப்போது அதே குடிலை 15க்குப் பதில் 5 டிகிரியில் வைத்துப் பாருங்கள். நாளைக்கு 26 யூனிட்தான், பாதிக்கும் குறைவு. அதனால் மகனிடம் "என்னப்பா வைக்கப்போறே" என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை டிகிரி வைக்கப்போறே" என்று கேளுங்கள். செலவு ரூபாயில் வேண்டுமானால் அந்த ஊர் யூனிட் விலையை 55ஆலும் 26ஆலும் அவனையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாழை 14, 15 டிகிரிக்குக் கீழே போனால் குருத்து விடுவதை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். பப்பாளி அப்படி உட்காரவும் தெரியாத செடி. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வேர் அழுகிச் சாய்ந்துவிடும். கொய்யா கெட்டிக்காரி. வளர்ந்த மரமாக இருந்தால் உறைநிலைக்கு ஓரிரு டிகிரி கீழே கொஞ்ச நேரம் போனாலும் இலையைக் கொட்டிவிட்டு உயிரைப் பிடித்துக்கொள்வாள்.

சூட்டையாவது காசு கொடுத்து வாங்கலாம். என்னைக் கவிழ்த்தது வெளிச்சம். மார்கழியில் நம்மூரில் பதினொன்றரை மணி நேரம் பகல், சூரியன் உச்சியில் 57 டிகிரி உயரம் ஏறுகிறது. டொராண்டோவில் அப்போது 9 மணி நேரம்தான் பகல். சூரியன் 23 டிகிரிக்கு மேல் எழும்பாது, பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பின்னாலேயே நகர்ந்து போய்விடும். அதிலும் பாதி நாள் மூடாப்பு. நான் பப்பாளிக்கு 18 டிகிரி சூடு கொடுத்தேன். பசியெடுக்க வைத்துச் சோறு போடாத கதைதான். தண்டு மெலிந்து, கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு கூரையைத் தொட்டது. மாப்பிள்ளை எல்.இ.டி. விளக்குகள் வாங்கிக் கட்டினார். அதற்கு ஒரு தனி பில்.

அப்புறம் அந்தப் பிப்ரவரி ராத்திரி. ஹீட்டருக்கான பிரேக்கர் எத்தனை மணிக்கு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. காலையில் குடில் கதவைத் திறந்து பார்த்த மாப்பிள்ளை, சமையலறை வாசலில் நின்ற என்னைக் கையமர்த்தி, "மாமா, நீங்க இப்ப வராதீங்க" என்றார். போகாமல் இருக்க முடியுமா? வெப்பமானி, இரவில் இறங்கிய அளவு மைனஸ் 3 என்று காட்டியது. இரண்டு பப்பாளியும் வெந்த கீரை மாதிரித் தொங்கின, ஒன்றில் பூ இருந்தது. வாழை இலையெல்லாம் கறுத்துவிட்டது. கொய்யா பத்து நாளில் மொட்டையானது. கனடாவுக்குப் போயும் இழவு விழுந்த வீட்டில் உட்காருகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மகள்தான் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "அப்பா, கொய்யாவுல சுரண்டிப் பாருங்க, பச்சை இருக்கு" என்றாள். இருந்தது. வாழைக் கிழங்கும் பிழைத்து ஏப்ரலில் குருத்து விட்டது.

அதிலிருந்து அந்தக் குடில் 6 டிகிரிக் குடில். கொய்யா, எலுமிச்சை, ஊதா நிறப் பேஷன் பழக்கொடி மூன்றும் அங்கே இருக்கின்றன. வாழை தொட்டியில் நிற்கிறது. அக்டோபரில் இலையை வெட்டி, தண்ணீரைக் கிட்டத்தட்ட நிறுத்தி, வீட்டு அடித்தள அறையில் தூங்கவைத்து, மே மாதம் வெளியே எடுப்பார்கள். பப்பாளி கடையில் வாங்குகிறார்கள்.

உங்கள் மகன் கட்டாயம் போடுவேன் என்றால்: வடக்குச் சுவர் வழியாகப் பனிக்காலத்தில் வெயில் வராது. அங்கே தகடு வேண்டாம், கெட்டியான சுவர் வைத்து உள்ளே தெர்மாகோல் மாதிரியான பலகை அடிக்கட்டும். அந்தப் பலகையையே அடிச்சுவரைச் சுற்றி மண்ணுக்குள் 2 அடியாவது இறக்க வேண்டும், ஏனென்றால் டொராண்டோவில் உறைபனி 4 அடி வரை மண்ணில் இறங்கும் என்றுதான் வீட்டுக்கே அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். கறுப்பு டிரம்களில் தண்ணீர் வைத்தால் ராத்திரிச் சூடு இலவசம் என்று இணையத்தில் நிறைய ஓதுவார்கள். 200 லிட்டர் டிரம் 10 டிகிரி ஆறினால் விடுகிற சூடு இரண்டேகால் யூனிட். ஐந்து டிரம் வைத்தால் பதினோரு யூனிட் சொச்சம். கெடுதல் இல்லை, ஆனால் ஹீட்டருக்குப் பதில் ஆகாது, அதுவும் மூடாப்பு நாளில் டிரம் சூடேறவே ஏறாது. எதை விட்டாலும், சூடு இறங்கினால் கைபேசியில் அலறுகிற பேட்டரி மணியை மட்டும் விடவேண்டாம். எங்களிடம் அது இருந்திருந்தால் பப்பாளி இன்னும் ஒரு வருஷமாவது இருந்திருக்கும்.

கோடையைச் சொல்ல மறந்தேன். ஜூலையில் ஜன்னலை மூடி வைத்தால் உள்ளே நம்மூர் அக்னி நட்சத்திரம் தோற்றுவிடும். மெழுகு அடைத்த ஒரு குழாய் உண்டு. சூட்டில் மெழுகு விரிந்து ஜன்னலைத் தானே தள்ளித் திறக்கும், ஆறினால் மூடும், கரண்ட் வேண்டாம். அந்தக் குடிலில் எனக்கு ரொம்பப் பிடித்த சாமான் அதுதான்.

லண்டனில் இருக்கும் தம்பி, கண்ணாடி வீட்டில் வாழை குலை தள்ளிய படம் அனுப்பினான். நிஜமாக இருக்குமா?
– மேலூர் வாசகர்

நிஜம்தான், அதுவும் பழைய கதை. நாம் பச்சைப்பழம், மோரிஸ் என்று வாங்குகிறோமே, அந்த வாழைக் கூட்டத்துக்குக் கேவண்டிஷ் என்கிற பெயர் வந்ததே இங்கிலாந்துக் கண்ணாடி வீட்டில்தான். டெவன்ஷயரின் ஆறாவது பிரபு வில்லியம் கேவண்டிஷ். அவருடைய சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்துக்குத் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். மொரிஷியஸிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த வாழையின் கன்று ஒன்றை வளர்த்து, 1835 நவம்பரில் பூக்க வைத்தார். எஜமான் குடும்பப் பெயரை வாழைக்கு வைத்தார்கள். 1851இல் லண்டனில் கண்ணாடியாலேயே ஒரு அரண்மனை எழுப்பிய பாக்ஸ்டனும் இவரேதான். அவருக்கு வெந்நீர்க் குழாயும், எரிக்கப் பிரபு வீட்டு நிலக்கரியும் இருந்தன என்பதைத் தம்பிக்குச் சொல்லுங்கள்.

ஐஸ்லாந்தில் ஹ்வெராகெர்தி என்ற ஊரில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் தானாக வருகிறது. அந்தச் சூட்டில் அங்குள்ள தோட்டக்கலைப் பள்ளிக் குடிலில் வாழை வளர்க்கிறார்கள். சூட்டுக்குப் பஞ்சமில்லாத அங்கேயே, வெளிச்சக் குறைவால் ஒரு குலைக்கு ஒன்றரை முதல் இரண்டு வருஷம் ஆகிறது. நம்மிடம் பன்னிரண்டு மாதத்தில் வெட்டிவிடுகிறோம். தம்பி வைப்பதானால் குள்ளக் கேவண்டிஷ்தான், ஆறேழு அடியில் அடங்கும். செவ்வாழை ஆசை வேண்டாம், கூரையைக் கிழித்துவிடும்.

அடுத்த மாதம் மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறேன். கொய்யாக் கன்று ஒன்று, வாழைக்கட்டை இரண்டு, ஒரு பிடி வைகை மண், கொஞ்சம் கறிவேப்பிலை. துணிக்கு நடுவே வைத்தால் தெரியாதாமே?
– உசிலம்பட்டி வாசகி

தெரியும் அக்கா. நாய் வைத்திருக்கிறார்கள். மண் என்றால் பேச்சே கிடையாது. கன்று கொண்டுபோக அந்த நாட்டு அனுமதியும் நம் நாட்டுத் தாவர நோய்த்தடுப்புச் சான்றிதழும் வேண்டும். கறிவேப்பிலையும் போகாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற ஒரு சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும் என்று பச்சை இலைக்கு அமெரிக்காவில் தடை.

கெடுபிடி என்று திட்டாதீர்கள். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வெள்ளை மாவுப்பூச்சி தெரிந்தது. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி, இங்கே எப்படியோ வந்துவிட்டது. இரண்டே வருஷத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் பஞ்சு போர்த்திக்கொண்டு நின்றன. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010இல் அதைத் தின்னும் கடுகளவுக் குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்த இரண்டு வருஷமும் நான் தோட்டக்காரர்களுக்கு யோசனை சொல்கிற வேலையில் இருந்தேன். பப்பாளித் தோட்டக்காரர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னவன் என்பதால் கேட்டுக்கொள்கிறேன், பெட்டியில் துணியை மட்டும் வையுங்கள். கொய்யாக் கன்று அங்கேயே நர்சரியில் கிடைக்கும்.

அமெரிக்காவில் ஒருவர் ஹீட்டரே இல்லாமல் பனிக்குள் ஆரஞ்சு விளைவிக்கிறார் என்று வீடியோ பார்த்தேன். கதையா?
– மதுரை அண்ணா நகர் வாசகர்

கதை இல்லை. நெப்ராஸ்காவில் அலையன்ஸ் என்கிற ஊர். ரஸ் ஃபின்ச் என்கிற முன்னாள் தபால்காரர். தரையை 4 அடி தோண்டி இறக்கி, தெற்குப் பார்த்துச் சாய்கூரை போட்டு, 8 அடி ஆழத்தில் குழாய் புதைத்து, குடில் காற்றை அதற்குள் ஓடவிட்டார். கட்டி முடித்த பிறகு ஓட்டுகிற செலவு ஒரு காற்றாடிக்கு மட்டும்.

இதை நம்மூர் ஆட்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினால் வெதுவெதுவென்று இருக்குமே, சித்திரையில் அதே கிணறு குளுகுளு என்று இருக்குமே, அதுதான் சங்கதி. ஆழத்து மண் வருஷம் முழுக்க ஒரே சூட்டில் இருக்கிறது. ஆனால் நம்மூர் ஆழம் வேறு, நெப்ராஸ்கா ஆழம் வேறு. அவருக்குக் கிடைப்பது சுமார் 11 டிகிரி. ஆரஞ்சுக்கு அது போதும். 11 டிகிரிக் காற்றை எவ்வளவு ஊதினாலும் பப்பாளிக்கு 18 டிகிரி கிடைக்காது. அந்த ஊரில் பனிக்காலத்திலும் வெயில் பளிச்சென்று அடிக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாந்தோப்பு போல மகன் ஊரில் ஒரு செந்தூரா மரம் காய்க்குமா?
– அலங்காநல்லூர் வாசகர்

தோப்பு வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததா? மார்கழி, தை மாதக் குளிர் ராத்திரியும் காய்ந்த மண்ணும் இருந்தால்தான் மா பூக்கும். ஆகவே லேசான குளிர் மாவுக்கு எதிரி இல்லை, உறைபனிதான் எதிரி. ஜப்பானில் மியாசாகி பக்கம் பாலித்தீன் குடிலுக்குள் மா வளர்த்து, ஒவ்வொரு பழத்தையும் வலைப்பையில் தொங்கவிட்டு, தானாகக் காம்பு விட்டு விழுந்ததும் எடுக்கிறார்கள். அதைவிட வேடிக்கை அதே நாட்டின் ஹொக்கைடோவில். பனிக்காலத்தில் சேமித்த பனியால் கோடையில் வேரைக் குளிரவைத்து, பனிக்காலத்தில் வெந்நீர் ஊற்றுச் சூட்டைக் கொடுத்து, மரத்தின் நாட்காட்டியையே திருப்பி டிசம்பரில் மாம்பழம் அறுக்கிறார்கள். விலை கேட்டால் மயக்கம் வரும். மகன் தொட்டியில் ஒரு ஒட்டு மாங்கன்று வைத்து இலையைப் பார்த்துச் சந்தோஷப்படட்டும். பழத்துக்கு நீங்களே அவனை விமானத்தில் கூப்பிட்டு உங்கள் தோப்பில் உட்கார வையுங்கள்.

கொடைக்கானலில் வீடு. இங்கேயும் குளிர்தான். பப்பாளிக்குக் குடில் போடலாமா?
– கொடைக்கானல் வாசகர்

நீங்கள் ராஜா. 2,100 மீட்டர் உயரத்தில் குளிர் இருந்தாலும் பகல் நேரமும் சூரியன் ஏறுகிற உயரமும் மதுரைக்காரனுக்குக் கிடைக்கிற அதேதான். ஹீட்டர் வேண்டாம். வெயிலில் சீக்கிரம் நைந்துபோகாத 200 மைக்ரான் யு.வி. பாலித்தீன் தாள் போதும். ஆனால் ஒன்று: தெளிந்த வானம் உள்ள தை மாத ராத்திரியில் சாதாரணப் பாலித்தீன் தாள் சூட்டை அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர் என்று விடிந்ததும் திட்டுவீர்கள். சாயங்காலம் கூரைக்குக் கீழே இன்னொரு துணியோ தாளோ திரை மாதிரி இழுத்துவிட்டால் உறைபனிக்குத் தப்பிக்கலாம். இத்தனை செய்தும் பழம் சப்பென்றுதான் இருக்கும், பப்பாளிக்கு இனிப்பு ஏறுவது வெக்கையில். நானாக இருந்தால் பப்பாளியை வத்தலக்குண்டுச் சந்தையில் வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் பேஷன் பழமும் மரத்தக்காளியும் வைப்பேன்.

நாலு வரி விவசாயம் எழுத இடம் கொடுத்தால் வெளிநாட்டுக்காரர் பொழுதுபோக்கை எழுதுகிறீர்களே, சோழவந்தான்காரருக்கு இது அடுக்குமா?
– சோழவந்தான் வாசகர்

அடுக்காதுதான். அடுத்த மாதம் வெற்றிலை வாடல் நோய், வாக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் எந்தத் தெரு?

பெரிய குடிலெல்லாம் வேண்டாம். ஜெர்மனியில் அடுக்குமாடி ஜன்னலோரம் இருக்கிறது. நம்மூர்ப் பழம் ஒன்றே ஒன்று வளர்க்க ஆசை. எதை வைக்கலாம்?
– கூடல்நகர் வாசகி, இப்போது ஹாம்பர்க்கில்

அன்னாசி. கடையில் பழம் வாங்கும்போது கொண்டை பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கும்மா. கொண்டையைத் திருகி எடுத்து, அடியில் ஒட்டிய சதையைச் சுத்தமாக நீக்கி, கீழ் இலை நாலைந்தை உரித்துவிட்டு இரண்டு நாள் காயவிடு. அப்புறம் மணல் கலந்த மண்ணில் ஊன்று. வெளிச்சமான ஜன்னல், ஹீட்டர் ஓடுகிற அறை, கொஞ்சமாகத் தண்ணீர். அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் இலை முழங்கைக்கு மேல் நீளும். அதற்கப்புறமும் பூக்காமல் அடம்பிடித்தால், நன்றாகப் பழுத்த ஆப்பிள் இரண்டைத் தொட்டியில் வைத்து, செடியோடு ஒரு பிளாஸ்டிக் பையால் வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் மூடி வை. ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு அதைப் பூக்கத் தூண்டும். ஓரிரு மாதத்தில் நடுக்குருத்து சிவந்தால் எனக்கு எழுது. காய் உன் கைமுட்டி அளவுதான் வரும்.